பழைய காரின் பவர் ஸ்டியரிங்: வலியசாலைக் கார்க்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பவர் ஸ்டியரிங்குக்கு மிகக் கடினமான வேலை கார் நிற்கும்போதுதான் வருகிறது. உருளும் சக்கரம் லேசாகத் தொட்டாலே திரும்பும். நின்ற சக்கரத்தைத் திருப்பினால் டயரின் ரப்பர் தார்மீது தேய்ந்துகொண்டே நகரவேண்டியிருக்கிறது. எஞ்சினோடு சேர்ந்த முன்பாரம் முழுவதும் உள்ளங்கையளவு ரப்பர்த் துண்டுகள் இரண்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. திருவனந்தபுரத்து வலியசாலை அக்ரகாரத் தெருக்களில் ஒரு காரைத் திருப்பி நிறுத்துவது பெரும்பாலும் இந்த வேலைதான். எதிர்வீட்டுப் படிவரை முன்னால், சொந்த வீட்டுப் படிவரை பின்னால், இரண்டு கோடியிலும் ஸ்டியரிங்கை முட்டும்வரை ஒடித்து, நாலைந்து தடவை. நாகர்கோவில் வரை போய்வந்த காரின் பம்பைவிட, காந்தளூர் மகாதேவர் கோயில் பக்கத்துத் தெருவிலிருந்து தினமும் காலையில் வெளியே எடுக்கப்படும் காரின் பம்ப் அதிகம் உழைத்திருக்கும்.

பழைய காரை விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும், அவற்றைப் பழுது பார்த்துக் கொடுக்கும் மெக்கானிக்குகளுக்கும் எழுதப்படும் இம்மடல் சொல்லவருவது ஒன்றே: பவர் ஸ்டியரிங்கில் கெட்டுப்போவது பெரும்பாலும் ரப்பர்; கழற்றித் தூக்கிப் போடப்படுவது இரும்பு. பத்து ரூபாய் ஓ-ரிங்கில் தொடங்கிய கசிவுக்காக, இனி எங்கும் வார்க்கப்படாத ஒரு ரேக், அதாவது சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டு, பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

எந்தக் கார்கள் இக்கணக்கில் வரும் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளவேண்டும். மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்து 1950களின் கடைசியில் உத்தரபாராவில் தயாராகத் தொடங்கிய அம்பாசிடரில் முதலில் பவர் ஸ்டியரிங் கிடையாது. ரேக்கும் பினியனும் பெரிய வட்டமான ஸ்டியரிங் வீலும் ஓட்டுநரின் தோளும்தான். 2014 மே மாதம் தயாரிப்பு நிற்கும்வரை அடிப்படை உருவம் மாறாவிட்டாலும், இசுஸு எஞ்சின், ஏ.சி., அகலமான ரேடியல் டயர் என்று முன்பக்கம் கனத்துக்கொண்டே போனதால், பின்னாளைய அம்பாசிடர்களில் சில பவர் ஸ்டியரிங்கோடு வந்தன. 1984 முதல் 2002 வரை வந்த கான்டெசாவிலும் கடைசிக்காலத்து வண்டிகள் சிலவற்றில் அது உண்டு. மெர்சிடிஸ் வகையில் டபிள்யூ 123, டபிள்யூ 124 இரண்டிலும் ரேக் கிடையாது; கோளக் குண்டுகள் சுழலும் ஸ்டியரிங் பெட்டி.

இந்த நகரத்தின் மிகப் பிரபலமான பழைய கார் இந்தக் கணக்கில் வராது. திருவிதாங்கூர் அரச குடும்பத்து உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா பல பத்தாண்டுகள் வைத்திருந்த, ‘சிஏஎன் 42’ என்ற எண் கொண்ட 1950களின் மெர்சிடிஸ் பென்ஸ் 180 பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி. அக்கால ஐரோப்பியக் கார்கள் பெரும்பாலும் அப்படித்தான். பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1926-லேயே ஒரு பியர்ஸ்-ஆரோ காரில் ஹைட்ராலிக் உதவியைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். ஆனால் விற்பனைக்கு வந்த காரில் அது ஏற 1951-இன் கிரைஸ்லர் இம்பீரியல் வரை காத்திருக்கவேண்டியிருந்தது. 1955-இல் சித்ரோயன் டி.எஸ். சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங் மூன்றையும் ஒரே எண்ணெய் அழுத்தத்தில் ஓட்டியது. தமிழ்நாட்டில் பவர் ஸ்டியரிங்கின் கதை ரானே குழுமத்தோடு சேர்ந்தது. அவர்களுடைய பவர் ஸ்டியரிங் நிறுவனம் 1987-இல் தொடங்கப்பட்டது, திருச்சிக்கு அருகே விராலிமலையில் அதற்கு ஆலை உண்டு.

பொறி வேலை செய்யும் விதம் எளிது. எஞ்சின் பெல்ட்டால் சுழலும் பம்ப் ஒன்று எண்ணெயை ஓயாமல் சுற்றவைக்கிறது. பம்புக்குள் ஒரு ரோட்டர். அதன் காடிகளில் சிறு உலோகத் தகடுகள், பெரும்பாலும் பத்து, தளர்வாகச் செருகப்பட்டிருக்கும். ரோட்டர் சுழலும்போது அவை வெளியே தள்ளப்பட்டு, முட்டை வடிவ வளையத்தின் உட்சுவரைத் தடவிக்கொண்டு ஓடி, எண்ணெயை அள்ளித் தள்ளுகின்றன. கார் நேராகப் போகும்போது எண்ணெய் எதையும் செய்யாமல் தொட்டிக்குத் திரும்பிவிடும். அழுத்தம் சில பார்தான்.

உதவியை முடிவு செய்வது ஸ்டியரிங் தண்டின் அடியில் இருக்கும் வால்வு. அதன் நடுவில் பென்சில் பருமனில் ஒரு முறுக்குக் கம்பி. மேல்நுனி ஸ்டியரிங்கோடும் கீழ்நுனி பினியனோடும் பிணைந்திருக்கும். சக்கரம் எதிர்த்து நின்றால் கம்பி சில டிகிரி முறுகும்; அந்த முறுக்கில் வெளிஉறைக்கும் உள்தண்டுக்கும் இடையிலுள்ள காடிகள் விலகி, எண்ணெய்க்கு ஒரு பக்கம் வழி திறந்து மறுபக்கம் அடைபடும். ரேக்கின் நடுவில் ஒரு பிஸ்டன் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் அழுத்தம் ஏறியதும் எண்ணெயே ரேக்கைத் தள்ளுகிறது. முட்டும்வரை ஒடித்துப் பிடித்தால் இத்தகைய கார்களில் அழுத்தம் 70 முதல் 100 பார் வரை ஏறும். அதற்கு மேல் போகாமல் பம்பிலுள்ள நிவாரண வால்வு தடுக்கும். கார் டயரின் காற்றழுத்தம் சுமார் 2 பார் என்பதோடு ஒப்பிட்டால் இதன் வலு தெரியும். பெல்ட் அறுந்தாலும் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அறுவதில்லை. வண்டி திரும்பும், ஆனால் பவர் இல்லாமலே செய்யப்பட்ட காரைவிடக் கனமாகத் திரும்பும். செத்த எண்ணெயையும் கையே தள்ளவேண்டியிருப்பதால்.

இந்த அமைப்பில் எஃகும் வார்ப்பும் எண்ணெயிலேயே ஊறிக்கிடப்பவை. எண்ணெய் சுத்தமாக இருந்தால் அவை தேய ஒரு தலைமுறை ஆகும். அவற்றுக்கு இடையிலுள்ள ரப்பர் சூட்டில் இறுகி, காய்ந்து, விளிம்பு வெடிக்கும். ஓடாத காரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் பெரியவர்கள் இருவர், கார் ஷெட்டில் ஆறு மாதம் என்ற நிலையில், சீலின் உதடு ஒரே இடத்தில் அழுந்திக்கிடந்து வடிவம் இழக்கிறது. வாரம் ஒருமுறை எஞ்சினை ஓட்டி, ஸ்டியரிங்கை இருபக்கமும் மெதுவாகத் திருப்பிவைப்பது மருந்தே இல்லாத வைத்தியம்.

பழுதென்று தீர்ப்பெழுதும் முன் மற்றவற்றைப் பார்த்துவிடவேண்டும். காற்றிறங்கிய டயர், கிரீஸ் காணாத முன்மூட்டுகள், இறுகிய ஸ்டியரிங் தண்டு மூட்டு ஆகிய மூன்றும் பவர் ஸ்டியரிங் பழுது போலவே நடிக்கும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துக் கையால் திருப்பிப் பார்த்தால் போதும். கனமாகவே இருந்தால், ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டைராடு முனைகளைக் கழற்றிவிட்டு மறுபடி திருப்பவேண்டும். இப்போது லேசானால் குற்றம் சக்கரத்து மூட்டுகளில்; கனம் போகாவிட்டால் ரேக்கிலோ தண்டிலோ.

அதன்பின் அறிகுறிகள். இருபக்கமும் ஒரே மாதிரி கனமென்றால் பெல்ட், எண்ணெய் அளவு, பம்ப் என்ற வரிசையில் தேடவேண்டும். ஒரு பக்கம் மட்டும் கனமென்றால் பம்ப் நிரபராதி. இருபக்கத்துக்கும் எண்ணெய் கொடுப்பது அதே பம்ப்தானே. அங்கே வால்வின் டெஃப்லான் வளையமோ பிஸ்டன் வளையமோ விட்டிருக்கும். தொடர்ந்து முனகும் சத்தம் எண்ணெயில் காற்று கலந்ததன் அடையாளம். திருப்பும்போது மட்டும் கீச்சென்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது. முட்டும்வரை ஒடித்த இடத்தில் வரும் உறுமல் பழுதே அல்ல, நிவாரண வால்வு திறக்கும் ஓசை. காலையில் முதல் சில நிமிடம் கனத்து, சூடேறியதும் லேசாகும் ஒரு கோளாறும் உண்டு. 1980களின் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இது பரவலாக வந்து, ‘காலைநேர மசக்கை’ என்று பொருள்படும் பெயரே பெற்றது. வால்வின் டெஃப்லான் வளையங்கள் அலுமினிய உறையில் காடி வெட்டிவிடுவதே காரணம். உலோகம் நிஜமாகவே தேய்ந்தவற்றின் சிறு பட்டியலில் வைக்கவேண்டிய ஒன்று அது.

சந்தேகத்தை முடித்துவைக்கும் கருவி அழுத்தமானி. பம்புக்கும் ரேக்குக்கும் நடுவே, அடைப்பு வால்வோடு கூடிய மானி ஒன்றைச் செருகி, எஞ்சினை ஓடவிட்டு, வால்வை ஐந்து விநாடிக்கு மேற்படாமல் மூடிப் பார்க்கவேண்டும். அந்தக் காருக்குரிய அழுத்தம் ஏறினால் பம்ப் நலம். வால்வைத் திறந்து, ஸ்டியரிங்கை முட்டும்வரை ஒடித்தபோது அதே அழுத்தம் வராவிட்டால், எண்ணெய் ரேக்குக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நழுவுகிறது. இந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் பம்பை மாற்றி, சரியாகாமல் ரேக்கையும் மாற்றி, கடைசியில் ஹோஸ் அடைப்பென்று கண்டுபிடித்த கதைகள் எல்லா வொர்க்‌ஷாப்பிலும் உண்டு.

கசிவைத் தேடுவது வேறு கலை. காற்றும் ஈர்ப்பும் எண்ணெயை இழுத்துச் செல்வதால், சொட்டும் இடம் ஒழுகும் இடமாக இருப்பதில்லை. முழுப் பகுதியையும் மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, உலரவிட்டு, முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவி, எஞ்சினை ஓட்டி இருபக்கமும் திருப்பினால் பவுடரில் ஈரக்கோடு முதலில் எங்கே தோன்றுகிறதோ அதுதான் வாசல். ரேக்கின் இரு கோடியிலும் உள்ள மடிப்பு ரப்பர் உறையை, மெக்கானிக்குகள் சொல்லும் ‘பூட்டை’, விரலால் அமுக்கிப் பார்க்கவேண்டும். உள்ளே குழகுழவென்று எண்ணெய் நின்றால் ரேக்கின் கோடி சீல் போய்விட்டது. பூட் கிழிந்திருந்தால் நிலைமை இரட்டிப்பு மோசம். இடவப்பாதி மழையில் தெருவில் தேங்கும் தண்ணீர் அதற்குள் ஏறி, பளபளப்பாக இருக்கவேண்டிய தண்டில் துருப்புள்ளி வைக்கும். அந்தப் புள்ளி அரத்தைப் போல வேலை செய்து புதுச் சீலையும் ஒரு மாதத்தில் அறுக்கும். பவர் ஸ்டியரிங் உள்ள காரில் மிக மலிவான பாகமும் மிக அதிகம் அலட்சியப்படுத்தப்படும் பாகமும் இந்தப் பூட்தான்.

எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் உரத்தே சொல்லவேண்டியிருக்கிறது. பவர் ஸ்டியரிங் தொட்டியில் பிரேக் ஆயில் ஊற்றக்கூடாது. எல்லாக் கடையிலும் பிரேக் ஆயில் கிடைக்கிறது, எல்லா வீட்டு ஷெட்டிலும் பாதி பாட்டில் இருக்கிறது என்பதாலேயே இத்தவறு ஓயாமல் நடக்கிறது. பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. அதைத் தாங்கும் ரப்பர் வேறு. பவர் ஸ்டியரிங்கின் நைட்ரைல் ரப்பர் அதில் ஊறி, உப்பி, மெத்தென்றாகி, பிய்ந்துபோகும். முதல் வாரம் கசிவு நின்றதுபோல் தெரிவது உப்பியதால்தான். அதை நம்பி ஏமாந்தோர் அநேகம். ஊற்றியது தெரிந்தால் எஞ்சினை ஓட்டாமல் முழுவதும் வடித்து, புது எண்ணெயால் இரண்டு மூன்று முறை அலசி, சீல்கள் அனைத்தையும் மாற்றுவதே வழி. சிவப்பு நிற ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய், அதாவது டெக்ஸ்ரான் வகை, இத்தகைய பழைய கார்கள் பலவற்றுக்குப் பொருந்தும். சில ஐரோப்பியக் கார்களுக்குப் பச்சை நிறச் செயற்கை எண்ணெய் வேண்டும். நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது. சித்ரோயன் டி.எஸ். வண்டிகளில் முன்னையவை சிவப்பு எண்ணெயும் 1960களின் பிற்பாதி முதல் வந்தவை பச்சைக் கனிம எண்ணெயும் கேட்கும். மாற்றி ஊற்றினால் கார் முழுதும் ரப்பர் மாற்றவேண்டும். தொட்டி மூடியில் எழுதியிருப்பதே வேதம். ‘கசிவை நிறுத்தும்’ என்று விற்கப்படும் மருந்துகளும் சீலை உப்பவைத்தே நிறுத்துகின்றன. விற்கப்போகும் காருக்கு அது உதவலாம். வைத்துக்கொள்ளப்போகும் காருக்கு வேண்டாம்.

பம்பைப் பிரிக்கும்போது முதல் விபத்து கப்பியில் நடக்கிறது. தண்டில் இறுக்கி ஏற்றிய கப்பியைச் சுத்தியலால் தட்டிக் கழற்றினால் அந்த அடி பேரிங்கிலும் ரோட்டரிலும் இறங்கும். அதற்கென்றே உள்ள புல்லரால்தான் இழுக்கவேண்டும். உள்ளே இருக்கும் தகடுகளை எடுக்குமுன் வளையத்தின் மேல்பக்கம் எது, தகட்டின் எந்த விளிம்பு வெளியே என்று குறித்துக்கொள்ளவேண்டும். பொதுவாக வளைந்து மழுங்கிய விளிம்புதான் வளையச் சுவரைப் பார்க்கும். தலைகீழாய்ப் போட்ட தகடு சுவரைச் சுரண்டி ஒரே வாரத்தில் பம்பைக் கொல்லும். பாய்வை அளக்கும் சிறு வால்வு, எண்ணெய் பூசிய துளையில் தன் எடையாலேயே வழுக்கி இறங்கவேண்டும். தயங்கினால் மிக நுண்ணிய எமரித் தாளில் எண்ணெய் தொட்டு லேசாகத் தேய்த்து, பிசுக்கை மட்டும் எடுக்கலாம். உலோகத்தை எடுக்கக்கூடாது. வளையத்தின் உட்சுவரில் நகம் மாட்டும் அளவுக்கு அலை விழுந்திருந்தால் அந்தப் பம்ப் முடிந்தது. அதை ஒப்புக்கொள்ளத் தயங்கவேண்டியதில்லை.

சீல் வாங்கக் கம்பெனிப் பெட்டி அவசியமில்லை. ஆயில் சீலின் முகத்தில் மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும்: தண்டின் விட்டம், உறையின் விட்டம், அகலம். மூன்றும் அழிந்திருந்தால் வெர்னியரால் அளக்கலாம். அந்த எண்ணைச் சொன்னால் சீல் விற்கும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார், கார் எதுவென்று கேட்காமலே. கேட்கவேண்டியது வாங்குபவர்தான்: இந்தச் சீல் எத்தனை அழுத்தம் தாங்கும்? பம்ப் தண்டின் சீல் தாழ்ந்த அழுத்தத்தில் இருப்பதால் சாதாரணச் சீல் அங்கே ஓடும். ரேக்கின் உள்சீலில் அதே சாதாரணச் சீலைப் போட்டால் முதல் திருப்பத்திலேயே உதடு புரண்டுவிடும். அங்கே உயர் அழுத்தச் சீல், பின்தாங்கும் கடின வளையத்தோடு வேண்டும். ஓ-ரிங்கிலும் சாதாரண 70 ஷோர் கடினம் சில இடத்துக்கு, 90 ஷோர் சில இடத்துக்கு. சூடு அதிகமுள்ள பம்புக்கு வைட்டான் ரப்பர் விலை கூடினாலும் தகும். பொருத்தும்போது சீலின் ஸ்பிரிங் உள்ள முகம் எண்ணெய்ப் பக்கம் பார்க்கவேண்டும்.

தண்டில் பழைய சீல் வெட்டிய காடி இருந்தால் புதுச் சீல் அதே காடியில் உட்கார்ந்து மறுபடி ஒழுகும். சீலை ஓரிரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளியோ வெளியே விட்டோ உட்காரவைத்தால் உதடு புது இடத்தில் ஓடும். அதற்கு இடமில்லையென்றால் தண்டுக்கு ஹார்டு குரோம் பூசி அளவுக்கு அரைத்துக்கொள்ளவேண்டும். கோயம்புத்தூர் போன்ற லேத் நகரங்களில் இது அன்றாட வேலை. துருப்புள்ளி விழுந்த ரேக் தண்டுக்கும் இதே வைத்தியம்தான், பல் உள்ள பகுதியை மூடிப் பாதுகாத்துச் செய்தால்.

ரேக்தான் பொறுமையைக் கேட்கும் இடம். கழற்றுமுன் டைராடு முனை எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று எண்ணி, இடம் வலம் தனித்தனியே சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்தால் பின்னால் அலைன்மென்ட் கடைக்காவது வண்டி நேராகப் போய்ச்சேரும். மேசையில் செய்தித்தாள் விரிப்பது நல்லதல்ல, அதன் நார் ஒட்டும். சுத்தமான தட்டில், நூல் உதிராத துணியில் வேலை நடக்கவேண்டும். எண்ணெயில் கலந்த ஒரு மணல்துகள் வால்வின் காடியில் சிக்கினால், கார் தானாக ஒரு பக்கம் இழுக்கும்.

சீலைப் புதிதாக ஏற்றும்போது அது ரேக்கின் பற்களைத் தாண்டிப் போகவேண்டும். அப்படியே தள்ளினால் பற்கள் உதட்டை வெட்டிவிடும். மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றைப் பல் பகுதிமேல் சுருட்டி, எண்ணெய் தடவி, சீலை அதன்மேல் வழுக்கி இறக்கவேண்டும். குடிநீர் பாட்டிலின் வழவழப்பான நடுப்பகுதியை வெட்டினாலே போதும், பழைய எக்ஸ்ரே தாளும் ஆகும். பிஸ்டனின் டெஃப்லான் வளையம் ரப்பரைப் போல் இழுபடாது. அதைச் சுடுநீரில் சில நிமிடம் போட்டு, கூம்பு ஒன்றின்மேல் மெல்ல விரித்து, காடியில் விழுந்ததும் பட்டையால் சுற்றி இறுக்கி, பழைய விட்டத்துக்குச் சுருங்கும்வரை வைத்திருக்கவேண்டும். சுருங்காமல் குழாய்க்குள் நுழைத்தால் வளையம் சீவப்பட்டுவிடும்; வெளியே தெரியாது, ஒரு பக்கம் மட்டும் கனக்கும்போதுதான் தெரியும். குழாயின் வாய் விளிம்பைத் தடவிப் பார்த்துக் கூர்மையிருந்தால் மழுக்கிக்கொள்வதும் இதற்காகத்தான்.

தொடக்கூடாத பாகமும் ஒன்று உண்டு. முறுக்குக் கம்பியைப் பினியனோடு பிணைக்கும் சிறு ஊசியை எக்காரணம் கொண்டும் தட்டி எடுக்கக்கூடாது. உள்தண்டும் வெளிஉறையும் தொழிற்சாலையில் சமநிலை பார்த்து இணைக்கப்பட்ட ஜோடி. அந்த இணைப்பு நூலளவு மாறினால் கை எடுத்ததும் ஸ்டியரிங் தானே திரும்பும். வால்வின் வெளிவளையங்களை மாற்றலாம், ஜோடியைப் பிரிக்கலாகாது. ரேக்கைப் பினியனோடு அழுத்தும் நுகத்தின் திருகும் ஆபத்தானது. அதை இறுக்கினால் ஆட்டம் குறையும் என்பது உண்மையே. ஆனால் திருப்பத்துக்குப்பின் ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்பிவராது.

மெர்சிடிஸ் போன்ற பெட்டி வகையில் பிஸ்டனே நட்டாகவும் இருக்கிறது. எஃகுக் குண்டுகளின் வழியே தண்டு அதை நகர்த்த, அது வெளித்தண்டின் பற்களைத் திருப்புகிறது. மேலுள்ள திருகால் ஆட்டத்தைச் சரிசெய்யலாம். ஆனால் சக்கரம் நேராக நிற்கும் நடுப்புள்ளியில் வைத்து மட்டுமே. அங்கேதான் பற்கள் மிக நெருக்கமாகச் சேரும். ஒரு பக்கம் ஒடித்துவைத்து இறுக்கினால் நடுவில் கடித்துக்கொள்ளும். ஆட்டம் பெட்டியில் இருக்கிறதா, இணைப்புக் கம்பிகளின் மூட்டில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டால், பெரும்பாலான நேரம் அந்தத் திருகைத் தொடவே நேராது.

ஹோஸ் விஷயத்தில் சிக்கனம் உயிருக்கு உலை. பம்பிலிருந்து ரேக்குக்குப் போகும் அழுத்தக் குழாயில் சாதாரண ரப்பர்க் குழாயும் கிளிப்பும் போட்டு ஓட்டிய வண்டிகள் உண்டு. அது விடும்போது கொதிக்கும் எண்ணெய் நூலாகப் பீச்சும். பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. தீப்பிடிக்க வேறொன்றும் வேண்டாம். மண்வாரி இயந்திரங்களுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் அழுத்திக் கொடுக்கும் கடைகளில், பழைய குழாயின் இரு நுனிப் பொருத்துகளைக் காப்பாற்றிக் கொடுத்தால் நடுவில் புது ஹோஸ் வைத்துப் பிரஸ் செய்து தருவார்கள். அது அழுத்தம் தாங்கும். ஆனால் அசல் ஹோஸ் கொஞ்சம் உப்பிச் சுருங்கி, பம்பின் துடிப்பை விழுங்கிக்கொள்ளும். கம்பி வலை பின்னிய கனரக ஹோஸ் விறைப்பானது, துடிப்பை அப்படியே ஸ்டியரிங் வரை கொண்டுவரும். பழுது பார்த்தபின் ஒரு ரீங்காரம் புதிதாகக் கேட்டால் காரணம் இதுவாக இருக்கலாம். பவர் ஸ்டியரிங்குக்கென்றே உள்ள ஹோஸ் கேட்டு வாங்குவது உத்தமம். திரும்பும் குழாயில் அழுத்தமில்லை என்று ரேடியேட்டர் ஹோஸைப் போடுவதும் தவறு. தண்ணீருக்காகச் செய்த ரப்பர் எண்ணெயில் வெந்த அப்பளமாகும்.

இத்தனை பாடு எதற்கு, புதுக் காரிலிருந்து எடுத்த மின்சாரப் பவர் ஸ்டியரிங்கைத் தண்டில் பொருத்திவிடலாமே என்ற யோசனை இப்போது பரவலாக வருகிறது. எண்ணெய் கிடையாது, பெல்ட் கிடையாது, கசிவு கிடையாது என்பதெல்லாம் சரி. ஆனால் ஸ்டியரிங் தண்டை வெட்டி வெல்டு வைப்பது நாற்காலிக் காலை வெட்டி ஒட்டுவது போன்றதல்ல. அந்த ஒட்டு விட்டால் கையில் வெறும் வளையம்தான் மிஞ்சும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-இன் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட விண்டேஜ் பதிவும், 50 ஆண்டு கடந்ததோடு அசல் உருவம் காக்கப்பட்ட வண்டிக்கே ‘விஏ’ எண் தருகிறது. பவர் இல்லாமல் பிறந்த பழைய அம்பாசிடருக்கு மின்மோட்டார் மாட்டுவோர் இரண்டையும் யோசிக்கவேண்டும். அவ்வண்டியில் டயர்க் காற்றும் கிரீஸும் ஒழுங்காக இருந்தால், உருளத் தொடங்கியபின் திருப்பும் பழக்கம் ஒன்றே போதும்.

பூட்டி முடித்தபின் காற்றை எடுப்பது கடைசி வேலை. அவசரம் கெடுக்கும் வேலையும் அதுவே. முன்சக்கரங்களைத் தூக்கி, எஞ்சினை அணைத்தபடியே தொட்டியை நிரப்பி, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகப் பதினைந்து இருபது தடவை திருப்பவேண்டும். ஒவ்வொரு நாலைந்து திருப்பத்துக்கும் எண்ணெய் இறங்கும், நிரப்பிக்கொண்டே போகவேண்டும். குமிழி நின்றபின்தான் எஞ்சினைச் சில விநாடி ஓட்டி அணைத்துப் பார்க்கலாம். எண்ணெய் மோர் போல வெளுத்தால் காற்று இன்னும் இருக்கிறது. அரைமணி அப்படியே விட்டால் அடங்கும், ரேஸ் கொடுத்தால் அடங்காது. பெல்ட்டை நடுவில் அமுக்கினால் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கும் இறுக்கம் போதும். முட்டும்வரை ஒடித்த நிலையில் ஐந்து விநாடிக்குமேல் பிடிக்கக்கூடாது என்பது சோதனைக்கும் பொருந்தும், தினசரி ஓட்டத்துக்கும் பொருந்தும். வலியசாலைத் திருப்பங்களில் கோடியைத் தொட்டதும் ஒரு விரல் பின்வாங்கிவைத்தால் பம்பின் ஆயுள் கூடும்.

அழுத்தமானி, கப்பிப் புல்லர், டெஃப்லான் வளையத்துக்கான கூம்பு ஆகியவற்றை ஒரு வீட்டுக்கார் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறைதான் கேட்கும். ஒவ்வொருவரும் வாங்குவது வீண். யாரும் வாங்காததால்தான் சுத்தியல் வேலை நடக்கிறது. தெருவுக்கு ஒரு செட் பொதுவில் வாங்கி, விருப்பமுள்ள ஒருவர் பொறுப்பில் ஒரு மரப்பெட்டியில் வைத்துக்கொண்டால் வேலை பார்க்கும் மெக்கானிக்குக்கும் அது சௌகரியம். அந்தப் பெட்டியிலேயே ஒரு நோட்டும் இருக்கட்டும்: எந்தக் காரின் எந்த இடத்துக்கு எந்த மூன்று எண் சீல் பொருந்தியது, எத்தனை லிட்டர் எந்த எண்ணெய், டைராடு எத்தனை சுற்று என்று தேதியோடு எழுத. கழற்றிய பழைய சீல்களை எறியாமல் காரின் எண்ணை எழுதிய உறையில் போட்டு அதே பெட்டியில் வைப்பதும் நல்லது, அடுத்த முறை அளவெடுக்க. முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா யூனியன் நட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்த்து, பூட்டை அமுக்கிப் பார்த்து, தரையில் ஓர் இரவு அட்டை விரித்துக் காலையில் சொட்டு உண்டா என்று பார்க்கவேண்டும்.